தன்னுயிரும் ஓர் உயிரே

அறங்களுள் தலையாயது அஹிம்சை என்பதை நம் இல்லத்துச் சிறுவர்களும் அறிவர். நீரை வடித்துப் பருகுதல், பொழுது சாயுமுன் உண்ணுதல், கிழங்கு வகைகளை விலக்குதல், நிலம் நோக்கி நடத்தல் ஆகிய ஒழுக்கங்கள் யாவும், ஓரறிவுயிர் முதல் ஐயறிவுயிர் ஈறாக எவ்வுயிர்க்கும் ஊறு நேராமற் காக்கும் பொருட்டு நம் முன்னோர் வகுத்தவையாகும். ஆயினும் இவ்வாறு காக்கப்படும் உயிர்களின் கணக்கில் ஓருயிர் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றது. அது காப்பவரின் உயிரே.

வழியில் ஊரும் எறும்பைக் கண்டு ஒதுங்கி நடக்கும் அன்பர் ஒருவர், தாம் செய்துவிட்ட ஒரு தவற்றை எண்ணி எண்ணித் தம்மைத் தாமே பல நாள் வைதுகொண்டிருப்பதைக் காண்கிறோம். பிறரை நோக்கி ஒருபோதும் சொல்லத் துணியாத கடுஞ்சொற்களை அவர் தம்மை நோக்கி மனத்திற்குள் சொல்லிக்கொள்கிறார். தேர்வில் தவறிய மாணவன், விரதம் பிழைத்த இல்லத்தரசி, தந்தையின் இறுதிநேரத்தில் அருகிருக்க இயலாமற்போன மகன் என இத்தகையோர் நம் ஊர்கள்தோறும் உளர். வெளியே அமைதியாகத் தோன்றுவர். உள்ளே ஓயாத தண்டனை நடந்துகொண்டிருக்கும்.

இவ்வாறு தன்னைத் தானே வருத்திக்கொள்ளுதல் பணிவா? தவமா? அன்றி அதுவும் ஹிம்சையின் ஒரு வகையா? இவ்வினாவை நம் ஆசாரியப் பெருமக்களின் நூல்களைத் துணைக்கொண்டு ஆராய்ந்து, நாள்தோறும் கைக்கொள்ளத்தக்க ஒரு பயிற்சியையும் அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

ஹிம்சையின் இலக்கணம்

உமாஸ்வாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், 13-ஆம் சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுகிறது. பிரமாதத்தோடு கூடிய மன, மொழி, மெய்களின் செயலால் பிராணன்களுக்கு ஊறு விளைவித்தல் ஹிம்சை என்பது அதன் கருத்து. பிரமாதமாவது கஷாயங்களுக்கு ஆட்பட்டு விழிப்பிழந்த நிலை. இவ்விலக்கணத்துள் ‘பிறருடைய பிராணன்கள்’ என்னும் வரையறை இல்லை என்பதை உற்று நோக்குக.

புருஷார்த்த சித்தியுபாயம் இயற்றிய அமிர்தசந்திர ஆசாரியர் இதனை மேலும் தெளிவுபடுத்துகிறார். விருப்பு வெறுப்பு முதலியன உள்ளத்தில் தோன்றாமையே அஹிம்சை என்றும், அவை தோன்றுதலே ஹிம்சை என்றும் கூறியபின், கஷாய வயப்பட்டவன் முதற்கண் தன்னால் தன்னையே ஊறுபடுத்துகிறான் என்கிறார். பிறவுயிர் அதன்பின் துன்புறலாம், துன்புறாமலும் இருக்கலாம். சினம் என்னும் நெருப்பை ஏந்தியவனின் கை முதலில் வேகிறது என்று நாம் இதனை விளங்கிக்கொள்ளலாம்.

தமிழில் ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியம் இவ்வுண்மைக்குச் சான்று. மன்னன் யசோதரன் உயிர்க்கொலைக்கு உடன்படவில்லை. ஆயினும் தாய் சந்திரமதியின் வற்புறுத்தலால் மாவினால் செய்த கோழியொன்றைப் பலியிட்டான். அங்கே குருதி சிந்தவில்லை. எனினும் கொல்லும் பாவனை உள்ளத்தில் எழுந்தமையால் தாயும் மகனும் விலங்கும் பறவையுமாகப் பல பிறவிகளில் உழன்றனர். மாக்கோழியின்மேல் விழுந்த வாள் வினையைக் கட்டியதெனின், உணர்ச்சியுள்ள ஓருயிரின்மேல், அதுவும் தன்னுயிரின்மேல், நாள்தோறும் ஓங்கப்படும் சொல்வாள் வினையைக் கட்டாதா என்று சிந்திக்க வேண்டும்.

தன்னை வைதல் கஷாயம் ஆகுமா என்று சிலர் வினவக்கூடும். ஆம், பெரும்பாலும் இரண்டு கஷாயங்கள் அதனுள் ஒளிந்துள்ளன. ஒன்று குரோதம், வெளியே செல்ல வழியின்றித் தன்மேல் திரும்பிய சினம் அது. மற்றொன்று மானம். ‘என் போன்றவன் இப்படித் தவறலாமா?’ என்னும் குமுறலைச் சற்றே பிரித்துப் பார்த்தால், ‘தவறுவது பிறர்க்கு இயல்பு, எனக்கு இழுக்கு’ என்னும் செருக்கு அதனுள் இருப்பது புலனாகும். பணிவு போலத் தோன்றுவது சிலவேளை செருக்கின் புண்ணாக இருத்தல் கூடும்.

சூத்திரம் சொல்லும் ஆறு

இப்பொருளில் நாம் மனத்திற்கொள்ள வேண்டிய மிக முதன்மையான சான்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் 11-ஆம் சூத்திரமாகும். அசாதா வேதநீயம், அதாவது துன்ப நுகர்ச்சியைத் தரும் வினை, உயிரினிடத்து ஊறி வருவதற்குரிய காரணங்கள் ஆறு என அச்சூத்திரம் எண்ணுகிறது. அவை துக்கம், சோகம், தாபம், ஆக்ரந்தனம், வதம், பரிதேவனம் என்பன. துக்கமாவது வேதனை; சோகமாவது இழப்பினால் வரும் துயரம்; ஆக்ரந்தனமாவது கண்ணீர்விட்டு அரற்றுதல்; வதமாவது உயிர்ப்பொறிகளைச் சிதைத்தல்; பரிதேவனமாவது கேட்போர் இரங்கும்படி புலம்புதல்.

மூன்றாவதாகிய தாபத்திற்குப் பூஜ்யபாத ஆசாரியர் தம் சர்வார்த்த சித்தி உரையில் தரும் விளக்கம் ஈண்டு நினையத்தக்கது. பழிச்சொல் முதலியவற்றால் உள்ளம் கலங்கியவனுக்கு உண்டாகும் கடுமையான உள்வேக்காடு தாபம் என்கிறார். செய்ததை எண்ணி எண்ணி நெஞ்சு வேகும் நிலையையன்றோ இது குறிக்கிறது!

இவ்வாறும் யாரிடத்து நிகழ்ந்தால் வினை ஊறும்? சூத்திரம் ஐயத்திற்கு இடமின்றி மூன்று இடங்களைக் கூறுகிறது: தன்னிடத்து, பிறரிடத்து, இருவரிடத்தும். தன்னிடமே முதலில் வைத்து எண்ணப்பட்டுள்ளது. எனவே பிறரை அழச்செய்வது எங்ஙனம் துன்பவினைக்கு வித்தோ, அங்ஙனமே தன்னைத் தானே அழச்செய்வதும் வித்தாகும். ‘நான் என்னைத்தானே வருத்திக்கொள்கிறேன், அதனால் யாருக்கு என்ன கேடு?’ என்னும் கூற்று ஜின சமயத்தில் செல்லாது.

அடுத்த சூத்திரம் இதன் மறுதலையைக் கூறுகிறது. உயிர்களிடத்தும் விரதியரிடத்தும் இரக்கம், ஈகை, பொறுமை, உள்ளத் தூய்மை முதலியன சாதா வேதநீயம் என்னும் இன்ப நுகர்ச்சிக்குரிய வினைக்குக் காரணங்கள். உயிர்களிடத்து இரக்கம் என்னும்போது நம்முயிரும் அவ்வுயிர்க் கூட்டத்துள் அடங்கியதே.

ஓர் ஐயமும் விடையும்

ஈண்டு ஓர் ஐயம் எழும். தன்னை வருத்துதல் வினைக்குக் காரணமெனின், உபவாசமும், வெயிலில் நிற்றலும், முனிவர் தம் தலைமயிரைத் தாமே களையும் கேசலோசமும் தன்னை வருத்துதல் ஆகாவோ? இவ்வையத்தைப் பூஜ்யபாதரே எழுப்பி விடையும் கூறியுள்ளார்.

இரக்கமுள்ள மருத்துவர் ஒருவர், உடற்கட்டியால் துன்புறும் ஒரு முனிவரின் கட்டியைக் கீறுகிறார். முனிவருக்கு வலி உண்டாகிறது. ஆயினும் மருத்துவரின் உள்ளத்தில் வெகுளியில்லை. நோய் நீங்க வேண்டும் என்னும் கருணையே உள்ளது. எனவே வெளியே வலிக்குக் காரணமாயினும் அவருக்குத் தீவினை இல்லை. அதுபோலவே பிறவித் துன்பம் நீங்கும் பொருட்டு, தெளிந்த உள்ளத்தோடு, நூல் கூறிய நெறியில் செய்யப்படும் தவத்தில் குரோதம் முதலிய உட்காரணம் இல்லை. ஆதலின் அது அசாதா வினைக்கு ஏதுவாகாது.

இவ்விடையினின்றும் நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. நாம் நம்மைக் கண்டிக்கும்போது கையிலுள்ளது மருத்துவரின் கத்தியா, பகைவரின் கத்தியா என்று கேட்டுக்கொள்ளலாம். இரண்டும் கூர்மையானவை, இரண்டும் வலி தருபவை. மருத்துவரின் கத்தி நோயுள்ள இடத்தை மட்டும் தொடும். வேலை முடிந்ததும் கீழே வைக்கப்படும். கீறிய இடத்திற்கு மருந்திட்டுக் கட்டுப் போடப்படும். பகைவரின் கத்தியோ கண்ட இடமெல்லாம் பாயும், ஓய்வதில்லை, மருந்தும் இல்லை.

பிராயச்சித்தத்தின் முடிவிடம்

நம் நூல்களில் தன்னிந்தையும் கர்ஹையும் விதிக்கப்பட்டுள்ளனவே என்று கேட்கலாம். தன் உள்ளமே சான்றாகத் தன் தவற்றைத் தீதெனக் கூறுதல் நிந்தை; குருவின் திருமுன் அங்ஙனம் கூறுதல் கர்ஹை. இவை இன்றியமையாதன. ஆனால் இவை எதன் பகுதிகள் என்பதை மறக்கலாகாது. இவை பிரதிக்கிரமணம் என்னும் பயணத்தின் படிகள். பிரதிக்கிரமணம் என்னும் சொல்லுக்கே மீண்டு வருதல் என்பது பொருள். நெறி விலகியவன் நெறிக்குத் திரும்புவதே அதன் நோக்கம். படியிலேயே அமர்ந்துவிடுபவன் வீடு போய்ச் சேர்வதில்லை.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் 22-ஆம் சூத்திரம் பிராயச்சித்தம் ஒன்பது வகைப்படும் என்கிறது. குற்றத்தை எடுத்துரைக்கும் ஆலோசனையில் அது தொடங்குகிறது. பிரதிக்கிரமணம், அவ்விரண்டும் சேர்ந்தது, விவேகம், வியுத்சர்க்கம், தவம், துறவுக்காலத்தைக் குறைக்கும் சேதம், சங்கத்தினின்று சிலகாலம் விலக்கிவைக்கும் பரிகாரம் எனத் தண்டனை படிப்படியே கடுமையாகிச் செல்கிறது. ஒன்பதாவதாகிய இறுதிப் பிராயச்சித்தம் யாது? உபஸ்தாபனம், அதாவது மீண்டும் தீக்கை அளித்து நிலைநிறுத்தல்!

இவ்வரிசையின் அருமையை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். முனிவர் ஒருவர் பெருங்குற்றம் புரிந்தபோதும் சங்கத்தின் இறுதிச் சொல், ‘மீண்டும் தொடங்குக’ என்பதாக உள்ளது. ஒன்பது வகையுள் ‘என்றென்றும் தன்னை வெறுத்துக்கொண்டிரு’ என்று ஒரு வகை இல்லை. ஆசாரியரும் விதிக்காத தண்டனையை நமக்கு நாமே விதித்துக்கொள்ள நமக்கு என்ன உரிமை உள்ளது?

தவற்றை மறைத்துப் பூசி மெழுகுவது மாயை. அது ஒருபுறத்துப் படுகுழி. தவற்றுக்காகத் தன்னையே வதைப்பது மறுபுறத்துப் படுகுழி. ‘நான் தவறு செய்தேன்’ என்பது உண்மை. அதனை முழுமையாக ஏற்க வேண்டும். ‘நானே தவறு’ என்பது பொய். நிச்சய நயத்தின்படி ஆன்மா அறிவும் காட்சியும் இயல்பாக உடையது. பொன்னில் களிம்பு ஏறியுள்ளது. களிம்பைப் பொன் என்று கருதுவதும் மித்தியாத்துவமே. களிம்பை நீக்க முனைபவன் பொன்னைச் சாக்கடையில் எறியமாட்டான்.

வாரிஷேணர் காட்டிய வழி

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஆறாவது ஸ்திதிகரணம். நெறியினின்று தளர்பவரை மீண்டும் அந்நெறியில் நிறுத்துதல். இதனைப் பிறர்க்குச் செய்யும் உதவியாக மட்டுமே நாம் கற்றிருக்கிறோம். ஆனால் குந்தகுந்த ஆசாரியர் தம் சமயசாரத்தில் இவ்வங்கத்தை விளக்கும்போது, தவறான வழியிற் செல்லும் தன்னையும் நல்வழியில் நிறுத்துபவனையே ஸ்திதிகரணம் உடையவன் என்கிறார். அமிர்தசந்திரரும் தனக்கும் பிறர்க்கும் இதனைச் செய்க என்கிறார். நமக்கு நாமே ஸ்திதிகரணம் செய்வது எங்ஙனம்? பிறர்க்குச் செய்த முறையை அறிந்தால் இதுவும் விளங்கும்.

இவ்வங்கத்திற்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்படுபவர் இராசகிருக மன்னன் சிரேணிகனின் மைந்தர் வாரிஷேண முனிவர். அவருடைய நண்பர் புஷ்பதாலர் அவரைப் பின்பற்றித் துறவு பூண்டார். ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தும் இல்லத்தில் விட்டுவந்த மனைவியை அவரால் மறக்க இயலவில்லை. ஒருநாள் அவர் இல்லம் திரும்ப முனைவதை வாரிஷேணர் உணர்ந்தார். அவர் நண்பரைப் பழிக்கவில்லை. சபை நடுவே நிறுத்தவில்லை. தம் பழைய அரண்மனைக்கே அழைத்துச் சென்று, தாம் துறந்த அரசியரை அணிகலன்களோடு வரச்செய்து, இவர்களையும் இந்த இளவரசுச் செல்வத்தையும் நீரே ஏற்றுக்கொள்ளும் என்று கூறினார். இத்துணைச் செல்வத்தைத் துரும்பெனத் துறந்தவர் தம் அருகே பன்னிரண்டு ஆண்டுகள் பொறுமையோடு நடந்துவந்தார் என்பதைப் புஷ்பதாலர் உணர்ந்தார். நாணினார், தெளிந்தார், பிராயச்சித்தம் ஏற்றுத் தவத்தில் நிலைபெற்றார்.

அந்நாணம் அவரைச் சிதைக்கவில்லை, நிமிர்த்தியது. காரணம், அருகில் அன்புடைய நண்பர் இருந்தார். தவறியபோது நம் உள்ளத்தில் பேசும் குரல் வாரிஷேணரின் குரலாக இருத்தல் வேண்டும். குற்றத்தை மூடிமறைக்காத, குற்றவாளியைக் கைவிடாத குரல் அது. ஐந்தாம் அங்கமாகிய உபகூஹனத்தை விளக்குமிடத்தும் அமிர்தசந்திரர், பிறருடைய குற்றத்தை மறைப்பதோடு தன் ஆன்மாவின் அறத்தை மார்தவம் முதலிய பாவனைகளால் வளர்க்க வேண்டும் என்கிறார். மார்தவமாவது மென்மை. அறம் வளர்வதற்குரிய மண் மென்மையே என்பது ஆசாரியர் கண்ட உண்மை.

தயையை எட்டு வகையாகப் பகுத்த குஜராத்துப் பெரியார் ஸ்ரீமத் ராஜசந்திரர் (1867–1901) தம் மோக்ஷமாலையில் ஸ்வதயை, அதாவது தன்னிடத்துத் தயை, என்று ஒன்றைத் தனியே வைத்துள்ளார். ஆன்மா தொன்றுதொட்டு மித்தியாத்துவத்தில் அகப்பட்டு மெய்ப்பொருளை அடையாதிருக்கின்றதே என்று எண்ணி, அறத்திற் புகுதலே அத்தயை. சோம்பலுக்கும் புலன்விருப்பத்திற்கும் இடங்கொடுத்தல் அவ்வகையுள் அடங்காது என்பதையும் இதனால் அறிக.

இக்கால உளநூலார் கண்டது

அண்மைக் காலத்தில் மேனாட்டு உளநூல் அறிஞர்களும் இப்பொருளை ஆராயத் தலைப்பட்டுள்ளனர். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் நெஃப் என்னும் அம்மையார் தன்னிரக்கம் பற்றிய கட்டுரைகளை 2003-ஆம் ஆண்டில் வெளியிட்டு, அதனை அளவிட 26 கூற்றுகள் கொண்ட ஓர் அளவையையும் அமைத்தார். தன்னிடம் கனிவு, தவறுதல் மாந்தர் அனைவர்க்கும் பொது என்னும் உணர்வு, துன்பத்தை மிகுத்தும் குறைத்தும் காணாத விழிப்பு ஆகிய மூன்றும் அதன் உறுப்புகள் என்றார்.

‘தன்னிடம் இரங்கினால் மனிதன் சோம்பேறியாகி விடமாட்டானா?’ என்னும் வினாவையும் அறிஞர்கள் சோதித்துப் பார்த்துள்ளனர். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 119 முதலாண்டு மாணவர்களை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட கட்டுரையில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் காலந்தாழ்த்தியவர்களுள் அதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்கு அவ்வாறு காலந்தாழ்த்துவது குறைந்தது என்று காட்டினர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரைன்ஸ், சென் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட சோதனைகளுள் ஒன்றில், கடினமான தேர்வில் தவறியபின் தம்மிடம் இரக்கத்தோடு எண்ணுமாறு கூறப்பட்ட மாணவர்கள், மறுதேர்வுக்காக மற்றவரைவிட மிகுந்த நேரம் படித்தனர்.

இதன் காரணம் எளிதில் விளங்கும். அடிக்கு அஞ்சும் குழந்தை தவற்றை ஒளிக்கும். அன்பறிந்த குழந்தை தவற்றைக் கொண்டுவந்து காட்டும். நம் உள்ளமும் அத்தகையதே. தண்டனை உறுதி என்றிருக்குமிடத்தில் ஆலோசனை மெய்யாக நிகழாது. உளநூலாரின் குறிக்கோள் இம்மை நலம். நம் ஆசாரியரின் குறிக்கோள் வீடுபேறு. இலக்கு வேறாயினும், தன்னை வதைப்பவன் திருந்துவதில்லை என்னுமிடத்து இருவர் கூற்றும் ஒத்துள்ளன.

மாலைப் பயிற்சி

பிரதிக்கிரமணம் ஏழு வகையென மூலாசாரம் கூறும். அவற்றுள் பகற்பொழுதின் குற்றங்களுக்கு உரியது தைவசிகம். இல்லறத்தார் மாலைச் சாமாயிகத்தை ஒட்டிப் பின்வரும் ஆறு படிகளைக் கைக்கொள்ளலாம். கால் மணி நேரம் போதும்.

1. உடலை நேராக நிறுத்தி, பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஒன்பது முறை எண்ணுக. முதலிரண்டு பதங்கள் ஒரு மூச்சு, அடுத்த இரண்டு பதங்கள் ஒரு மூச்சு, இறுதிப் பதம் ஒரு மூச்சு என ஒரு மந்திரத்திற்கு 3 மூச்சுகளாக 27 மூச்சுகளில் இது நிறைவுறும். கலங்கிய நீர் தெளிந்த பின்னரே அடியிலுள்ளது தெரியும்.

2. நிகழ்ந்ததை ஒரே வாக்கியத்தில் கூறுக. ‘இன்று மகளிடம் கடிந்து பேசினேன்’ என்பது போதும். ‘நான் பாவி’ என்பது நிகழ்ச்சியைக் கூறும் வாக்கியமன்று, அதனை நீக்குக.

3. ‘இச்செயல் தீது’ என்று ஒருமுறை கூறுக. இது நிந்தை. ஒருமுறைக்கு மேல் வேண்டா.

4. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் 11-ஆம் சூத்திரம் கூறும் நான்கு பாவனைகளைத் தன்பாலும் செலுத்துக. எல்லா உயிர்களிடத்தும் மைத்திரி; ஆகவே தன்னுயிரிடத்தும் நட்பு. குணமுடையாரிடத்து மகிழ்ச்சி, ஆகவே இன்று தான் செய்த ஒரு நன்மையை நினைந்து மகிழ்தல். துன்புறுவோரிடத்துக் கருணை, ஆகவே தன் உள்ளத்து நோவிற்கு இரங்குதல். அடங்காதவரிடத்து நடுநிலை, ஆகவே இன்னும் அடங்காத தன் குணத்தைச் சினமின்றிப் பார்த்தல்.

5. நாளை செய்யவேண்டிய ஒன்றை மட்டும் உறுதி கொள்க. இது பிரத்தியாக்கியானம். செய்ய இயலும் சிறியதே சிறந்தது.

6. மீண்டும் 27 மூச்சுகள் காயோத்சர்க்கம் செய்து, அச்செயலை அங்கேயே விட்டெழுக. அன்றிரவு அது மீண்டும் நினைவிற்கு வந்தால், ‘ஆலோசனை முடிந்தது’ என்று கூறி மந்திரத்திற்குத் திரும்புக.

ஓர் எடுத்துக்காட்டு. அலுவலகம் சென்று புறநகர் ரயிலில் திரும்பும் ஒரு சிராவகி, இரவுண்ணா விரதம் மேற்கொண்டிருக்கிறார். ஒருநாள் ரயில் தாமதமாகி, பசியும் தலைவலியும் மேலிட, இருட்டியபின் உண்டுவிடுகிறார். ‘நானும் ஒரு ஜைனப் பெண்ணா?’ என்று அவர் தம்மை வைதுகொண்டால் என்ன நிகழும்? ஒருவாரம் வேதனை, பின்னர் ‘எப்படியும் பிழைத்துவிட்டது, இனி எதற்கு?’ என்று விரதத்தையே கைவிடுதல். இதுவே பல இல்லங்களில் நிகழ்வது. ஆறு படிகளைக் கைக்கொண்டால், ‘இன்று இருட்டியபின் உண்டேன், அது தீது, உடல் தளர்ந்திருந்தது, நாளை முதல் மாலைக்கும் ஒரு சிறு டிபன் பெட்டி கொண்டுசென்று, பொழுது சாயுமுன் அலுவலகத்திலேயே உண்பேன்’ என்று முடியும். முதல் வழியில் விரதம் இறந்தது. இரண்டாம் வழியில் அது உறுதி பெற்றது. தன்னிரக்கம் ஒழுக்கத்தைத் தளர்த்தும் என்போர் இதனை எண்ணுக.

பெற்றோருக்கு ஒரு சொல். பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம் இன்று நாம் பேசும் சொற்களே, நாளை அப்பிள்ளையின் நெஞ்சினுள் பேசும் குரலாக அமையும். ‘எந்தப் பாடம் கடினமாக இருந்தது? அடுத்து என்ன செய்யலாம்?’ என்று கேட்கும் பெற்றோர், அப்பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் உதவும் ஒரு வாரிஷேணரை உள்ளே அமர்த்துகின்றனர்.

கவனிக்க வேண்டியது

சிலருக்குத் தன்வெறுப்பு பயிற்சியால் மட்டும் தணியாது. உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எதிலும் நாட்டமின்மை, ஓயாத குற்றவுணர்வு ஆகியன வாரக்கணக்கில் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருத்தல் கூடும். கட்டிக்கு மருத்துவரை நாடுவது போலவே இதற்கும் மருத்துவரை நாடுதல் வேண்டும். வினைப்பயன் என்று கூறி மருந்தைத் தடுப்பது அறமாகாது. மருந்தும் நூல்கள் போற்றும் நால்வகைத் தானங்களுள் ஒன்றன்றோ!

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுமாயின் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது. விரக்தியால் உயிர்விடுதல் ஹிம்சையே; அதற்கும் கஷாயமின்றி நெறியோடு ஏற்கப்படும் சல்லேகனைக்கும் தொடர்பில்லை. மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு தொடங்கிய டெலி மனஸ் என்னும் உதவி எண் 14416-இல் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். அருகிலிருப்போர் அவரைத் தனியே விடாமல் உடனிருப்பதும் ஸ்திதிகரணமே.

முடிவுரை

எல்லா உயிர்களிடமும் மன்னிப்பு வேண்டி, எல்லா உயிர்களையும் மன்னிக்கும் மரபு நம்முடையது. உத்தம க்ஷமை நாளில் உற்றார் உறவினர் அனைவரிடமும் கைகூப்பி நிற்கிறோம். அவ்வரிசையில் இறுதியாக ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். நாம் எத்தனையோ முறை வைதும் நம்மை விட்டு நீங்காதவர். இப்பிறவியில் அறம் செய்ய வேண்டியவரும், வினை தீர்த்து வீடு பெற வேண்டியவரும் அவரே. அவரிடமும் பொறை காட்டுவோமாக.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. தத்துவார்த்த சூத்திரம் 6-11 எண்ணும் ஆறு காரணங்கள் யாவை? அவை நிகழும் மூன்று இடங்கள் யாவை?
2. உபவாசம் தன்னை வருத்துதல் ஆகாது என்பதற்குப் பூஜ்யபாதர் தரும் உவமை யாது?
3. பிராயச்சித்தத்தின் ஒன்பதாம் வகை யாது? அதனால் நாம் அறியும் உண்மை என்ன?
4. ‘நான் தவறு செய்தேன்’, ‘நானே தவறு’ ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உம் வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.
5. மாலைப் பயிற்சியை ஏழு நாள் செய்து பார்த்து, எந்தப் படி கடினமாக இருந்தது என்று இல்லத்தாரோடு கலந்து உரையாடுக.